மாமன் என்ன செஞ்சாரு?

சீர், செய்முறை, மொய், ரிட்டர்ன் கிஃப்ட்... பரணில் ஏறாத பரிசு எது? சோழவந்தானிலிருந்து ஒரு கவர் ஸ்டோரி

ஆவணி முகூர்த்தம். காலை எட்டு மணிக்கே வைகைப் பாலத்தைத் தாண்டி வந்துவிட்டது கொட்டுச் சத்தம். தென்கரையிலிருந்து சோழவந்தான் மண்டபத்தில் நடக்கும் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் வருகிறது. முன்னால் வாடிப்பட்டி செட்டு. பின்னால் சரவெடிப் புகை. புகைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே வரும் தட்டுகள். தேங்காய், வாழைப்பழம், சர்க்கரை, மல்லிகைப் பந்து, பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு, கவுளி கவுளியாக வெற்றிலை. கடைசியில் மாலை போட்ட கிடா. அதற்கு வெடிச் சத்தம் ஒத்துக்கொள்ளவில்லை போல. ரோட்டோரம் நின்ற அகத்தியில் வாயை வைத்துக்கொண்டு நகரவே மாட்டேன் என்று நின்றுவிட்டது. இழுத்துவந்த பையன் பாடு திண்டாட்டம்.

மண்டபத்துக்குள் மொய் டேபிள். இரண்டு லேப்டாப், ஒரு சின்ன பிரின்டர், பணத்தை எண்ணி அடுக்க ஓர் ஆள், பெயரை மைக்கில் சொல்ல ஓர் ஆள். ஊர், பெயர், தகப்பனார் பெயர், தொகை. தொகையைச் சொல்லும்போது மட்டும் குரல் ஒரு படி ஏறும். ஆயிரத்து ஒன்று, ஐயாயிரத்து ஒன்று. அந்த ஒன்று மட்டும் எப்போதும் மாறாது.

பந்தியில் உட்கார்ந்தவுடன் எல்லா இலையிலும் ஒரே கேள்விதான்: "மாமன் என்ன செஞ்சாரு?"

பதில் பவுனில் வரும். சில வீடுகளில் பவுனும் வண்டியுமாக வரும். காது குத்திக்கொண்டு, அழுது முடித்து, மாமன் மடியில் தூங்கி வழியும் ஐந்து வயசுப் பிள்ளைக்கு இதில் எது எப்போது உபயோகப்படும் என்று யாரும் கேட்பதில்லை. மேடை ஓரத்தில் பளபளக்கும் காகிதம் சுற்றிய பெட்டிகள் இன்னொரு பக்கம் குவிந்து கிடக்கின்றன. பிரிக்காமலே சொல்லிவிடலாம்: சுவர்க்கடிகாரம், ஹாட்பாக்ஸ், கண்ணாடி டம்ளர் செட், போட்டோ ஃப்ரேம். அடுத்த வாரம் அவற்றில் பாதி பரணுக்குப் போகும். மீதி, காகிதம் மாற்றி அடுத்த விசேஷத்துக்குப் போகும்.

இவ்வளவு பணமும் பாசமும் புரளும் ஓர் ஊரில், உபயோகமாகக் கொடுப்பது எப்படி இவ்வளவு கஷ்டமாகிப் போனது?

நோட்டுக்குள் ஒரு சொந்தம்

மதுரைப் பக்கம் அன்பளிப்பு என்ற வார்த்தை கவர் மேல் அச்சடிக்கத்தான். வாயில் புழங்குவது செய்முறை. நீங்கள் எனக்குச் செய்தீர்கள், நான் உங்களுக்குச் செய்கிறேன். செய்ததெல்லாம் நோட்டில் இருக்கும். பத்து வருஷம் கழித்துப் பத்திரிகை வந்தால், முதலில் நோட்டைப் புரட்டி, அவர்கள் நமக்கு எழுதியது எவ்வளவு என்று பார்த்து, அதற்கு மேல் கொஞ்சம் வைத்துச் செய்வார்கள். அசலுக்குக் கீழே போனால் அவமானம்.

இதைக் கேவலமாகப் பேசுவது சுலபம். ஆனால், வங்கிக்காரர் வாசலில் நிற்க வைத்த காலத்தில், வட்டியில்லாமல், ஜாமீன் இல்லாமல், ஒரே நாளில் பெரிய தொகை கையில் கிடைக்கச் செய்தது இந்த ஏற்பாடுதான். புதுக்கோட்டை, பேராவூரணி பக்கம் கல்யாணம், காதுகுத்து என்ற சாக்குகூட இல்லாமல் ஆடி, ஆவணியில் மொய் விருந்து என்றே பந்தல் போடுகிறார்கள். ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றிச் சோறு போட்டு, வந்த மொய்யில் கடை வைத்தோ கிணறு வெட்டியோ பிழைத்துக்கொண்டு, வாங்கியதைச் சில வருஷங்களில் திருப்பிச் செய்துவிடுவார்கள். கஜா புயலும் கொரோனாவும் அந்தச் சுழற்சியை இடையில் முறித்துப்போட்டபோது எத்தனை குடும்பங்கள் தவித்தன என்பது அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும்.

2021 ஜனவரியில் மதுரைக் கல்யாணப் பத்திரிகை ஒன்று நாடு முழுக்கச் செய்தியானது நினைவிருக்கிறதா? கூகுள் பே, போன்பே க்யூஆர் கோடுகளைப் பத்திரிகையிலேயே அச்சடித்திருந்தார்கள். தொற்றுக் காலம், வர முடியாதவர்கள் அப்படியே மொய் அனுப்பட்டும் என்று. சுமார் 30 பேர் அப்படிச் செய்தார்களாம். பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. இன்று அது சிரிப்புக்குரிய விஷயமே இல்லை.

■ பெட்டிச் செய்தி: பாரிஸிலிருந்து மதுரைக்கு

பரிசைப் பற்றி உலகில் அதிகம் பேசப்பட்ட புத்தகங்களில் ஒன்று, பிரெஞ்சு அறிஞர் மார்செல் மாஸ் 1925-ல் வெளியிட்ட கட்டுரை. கொடுத்தாக வேண்டும், கொடுத்தால் வாங்கியாக வேண்டும், வாங்கினால் திருப்பிச் செய்தாக வேண்டும் என்று பரிசுக்குள் மூன்று கட்டாயங்கள் இருப்பதாகச் சொன்னார் அவர்.

அவருடைய மாணவர் லூயி துமோன் 1949-50ல் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் கிராமங்களில் தங்கி ஆய்வு செய்தார். புத்தகம் 1957-ல் பிரெஞ்சில் வந்தது. கல்யாணத்தோடு முடிந்துவிடாமல் பிள்ளையின் காதுகுத்து, பேரப்பிள்ளையின் விசேஷம் வரை மாமன் வீட்டிலிருந்து சீர் வந்துகொண்டே இருப்பதை அவர் விலாவாரியாக எழுதியிருக்கிறார். இரண்டு குடும்பத்துச் சம்பந்தம் கலையாமல் இருக்க அந்த வரத்துதான் ஆதாரம் என்பது அவர் கண்டது. மொய் நோட்டு வைத்திருக்கும் எந்த அம்மாச்சியும் இதை அவருக்கு ஓசியில் சொல்லியிருப்பார்.

பேர் வெட்டிய அண்டா

மதுரை வெண்கலக்கடைத் தெருவில் ஒரு பாத்திரக் கடையில் சும்மா பதினைந்து நிமிஷம் நின்று பாருங்கள். கடை வாசலில் ஸ்டூல் போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். மடியில் கவிழ்த்த எவர்சில்வர் அண்டா. கையில் மின்சார ஊசி. 'டிர்ர்ர்' என்று அது துடிக்க, எழுத்துகள் புள்ளி புள்ளியாக விழும். தேதி, ஊர், பிள்ளையின் பெயர், கீழே கொடுத்தவர் பெயரும் 'தாய்மாமன்' என்று உறவும். எழுதிக்கொண்டு வந்த துண்டுச் சீட்டில் 'ன'வா 'ண'வா என்ற சந்தேகத்துக்கு வாங்க வந்த குடும்பமே கூடி ஒரு சின்ன மாநாடு நடத்தும். வெட்டிய பெயரை அழிக்க முடியாது என்பதால்.

பேர் வெட்டுவது பெருமைக்குத்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு தெருவே அண்டாவையும் தாம்பாளத்தையும் இரவல் வாங்கிப் புழங்கிய காலத்தில், எது யார் வீட்டுப் பொருள் என்று அடையாளம் தெரியவும் அதுதான் வழி. நாற்பது வருஷத்துக்கு முன்னால் வெட்டிய அண்டாவில் இன்றைக்கும் தண்ணீர் பிடிக்கிறார்கள். கொடுத்த மாமன் போய்ச் சேர்ந்திருப்பார். பெயர் குழாயடியில் இருக்கும்.

பழைய சீர்ப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். தனிக்குடித்தனம் போகிற பெண்ணுக்கு அண்டா, குண்டான், சருவச்சட்டி, அரிசி, பருப்பு, மிளகாய். தலைப்பொங்கலுக்குப் பித்தளைப் பானை, கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, வெல்லம். வளைகாப்புக்கு வளையலும் சாதமும். பிள்ளை பிறந்தால் அரைஞாண், தொட்டில், பழம்புடவை. கேதம் விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. சம்பந்தக்காரர்கள் சோறு ஆக்கிக் கொண்டுவந்து இறக்குவார்கள். யார், எப்போது, எதைக் கொடுப்பது என்று முறை இருந்தது. அந்த முறை முழுக்க, வாங்குகிறவர் அடுத்த நாள் காலையில் எழுந்து என்ன செய்யப் போகிறார் என்பதிலிருந்து பிறந்தது. கேட்டுச் செய்வதில் வெட்கமும் இல்லை. "உனக்கு மிக்ஸி இருக்கு, கிரைண்டரா எடுத்துரவா?" என்று மச்சானிடம் நேரடியாகக் கேட்கும் மாமன்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் கொடுத்தது பரணுக்குப் போவதில்லை.

பொருளாதாரக்காரர்கள் இதை வேறு வழியில் கண்டுபிடித்தார்கள். ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற அமெரிக்கர், 1993-ல் மாணவர்களிடம் கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பற்றிக் கேட்டு ஒரு கணக்குப் போட்டார். பரிசின் கடை விலையைவிட, வாங்கியவர் மனதில் அதற்கு உள்ள மதிப்பு பத்து சதவிகிதத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை குறைவாக இருந்தது. 2009-ல் கேப்ரியல் ஆடம்ஸும் ஃபிரான்சிஸ் ஃப்ளினும் நிச்சயதார்த்த மோதிரம் போன்றவற்றை வைத்து ஆராய்ந்தார்கள். விலை கூடக் கூட வாங்குகிறவர் அதிகம் மகிழ்வார் என்று கொடுப்பவர் நினைக்கிறார். வாங்கியவரின் மகிழ்ச்சிக்கும் விலைக்கும் அப்படி ஒரு தொடர்பு தென்படவில்லை என்றார்கள். ஆயிரத்து ஒன்றை மைக்கில் சொல்கிறவருக்கு இதை யாராவது அச்சடித்துக் கொடுக்கலாம்.

மைக் வந்த பிறகு

சீர் ஒரு காலத்தில் வீட்டுக்குள் இறங்கியது. இப்போது ஊர் பார்க்க இறங்குகிறது. டிராக்டர், டிரோன் கேமரா, யூடியூப் வீடியோ. 1993-ல் வந்த பாரதிராஜாவின் 'கிழக்குச் சீமையிலே' அண்ணன் - தங்கை பாசத்தையும் மாமன் சீரையும் ஊரறியப் பேசிய படம். அந்தப் படத்தைப் பார்த்துக் கண் கலங்கிய தலைமுறைதான், இன்று தன் தங்கை மகள் விசேஷத்துக்குக் கடன் வாங்கித் தட்டு எண்ணிக்கையைக் கூட்டுகிறது.

இப்படிச் செய்கிறவருக்கு முதல் அடி தங்கத்தில். 2025 அக்டோபரில் சவரன் விலை 90 ஆயிரம் ரூபாயைக் கடந்தது. அரைப் பவுன் மோதிரம் போட்டு வாங்கியவர், அதே அரைப் பவுனைத் திருப்பிப் போட வேண்டும். போன கணக்கு ரூபாயில் இருந்தால் தப்பிக்கலாம்; பவுனில் இருந்தால் தலையில் இடி. இது தெரியாமல் கொத்தனார் வேலை பார்க்கும் அண்ணன் மூன்று தங்கைகளுக்கும் பவுனில் வாங்கி வைத்திருக்கிறார் என்றால், அவர் வீட்டில் வருஷத்துக்கு ஒரு அடகுச் சீட்டு நிச்சயம்.

இரண்டாவது அடி பெண்ணுக்கு. அண்ணன் செய்த சீரின் எடைதான் புகுந்த வீட்டில் அவளுக்குக் கிடைக்கும் மரியாதையின் எடை என்று ஆகிவிட்டது. கூடப்பிறந்தவன் இல்லாத பெண்ணுக்குச் சித்தப்பா மகனை நிறுத்திச் சபையைச் சமாளிக்கிறார்கள். சீர் எங்கே முடிகிறது, வரதட்சணை எங்கே தொடங்குகிறது என்ற கோடு மாப்பிள்ளை வீட்டார் வாய் திறக்கும் இடத்தில் இருக்கிறது. "நாங்க எதுவும் கேக்கல, உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறீங்க" என்ற வசனத்தைக் கேட்காத பெண் வீட்டார் உண்டா?

மூன்றாவது அடியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. செய்முறை நோட்டு, விசேஷம் வைக்கிறவர்களுக்கான நோட்டு. கல்யாணம் ஆகாத அக்கா, பிள்ளை இல்லாத தம்பதி, புருஷனை இழந்து தனியாக இருக்கும் பெரியம்மா... இவர்களும் எல்லா விசேஷத்துக்கும் வந்து எழுதிவிட்டுத்தான் போகிறார்கள். எழுதிய பணம் திரும்பி வர அவர்கள் வீட்டில் பந்தல் விழப்போவதில்லை. வாழ்நாள் முழுக்கப் போடுவது மட்டும்தான், எடுப்பது கிடையாது. சிலர் சாமர்த்தியமாகப் புதுமனை புகுவிழா, இல்ல விழா என்று எதையாவது வைத்து வசூலித்துக்கொள்கிறார்கள், அது வேறு. கூச்சப்படுகிறவர்கள் நஷ்டப்படுகிறார்கள்.

அரசாங்கமே தன் சீரை மாற்றிக்கொண்டது, கவனித்தீர்களா? மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டத்தில் தாலிக்கு 8 கிராம் தங்கமும், படிப்பைப் பொறுத்து 25 ஆயிரமோ 50 ஆயிரமோ ரொக்கமும் கொடுத்து வந்தார்கள். அதை மாற்றி, 2022 செப்டம்பர் 5-ல் புதுமைப் பெண் திட்டம் வந்தது: அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய், அவள் கணக்கிலேயே. தங்கம் போனதில் வருத்தப்பட்ட தாய்மார்கள் உண்டு. அந்த வருத்தமும் நியாயம்தான். ஆனால் மாதா மாதம் ஆயிரம் என்பது பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் நேராகப் போய்ச் சேர்கிற பணம். தாய்மாமன்கள் இதைக் காப்பியடிக்கலாம்.

■ பெட்டிச் செய்தி: கொடுக்கும் முன், வாங்கும் முன்

* கல்யாணத்தன்று மணமக்களுக்கு வரும் பரிசுக்கு வருமான வரி இல்லை, எவ்வளவு வந்தாலும். இந்தச் சலுகை மணமக்களுக்கு மட்டும். பெற்றோர் பெயரில் வந்தால் பொருந்தாது. காதுகுத்து, பூப்பு நீராட்டு, புதுமனைக்கும் பொருந்தாது.

* மற்ற நேரத்தில், சட்டம் சொல்லும் 'உறவினர்' அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் மொத்தம் 50 ஆயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கம் வந்தால், முழுத் தொகையும் வருமானமாகக் கருதப்படும். மாமா, அத்தை, சித்தப்பா, சித்தி உறவினர் கணக்கில் வருவார்கள். சித்தப்பா மகனும் நண்பனும் வரமாட்டார்கள்!

* ஒரே நபரிடமிருந்து ஒரே விசேஷத்துக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வங்கி வழியாக வாங்குங்கள்.

* வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-ன் கீழ் வந்த 1985-ம் ஆண்டு விதிகள், மணமக்களுக்கு வந்த பரிசுகளுக்குப் பட்டியல் எழுதச் சொல்கின்றன. பொருள், தோராய மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு, இருவர் கையெழுத்து. மொய் நோட்டு போடும் ஊருக்கு இது பெரிய வேலையா? பின்னால் பிரச்னை என்று வந்தால், தன் பொருளைப் பெண் திரும்பக் கேட்க இந்தத் தாள் உதவும்.

* தங்கம் வாங்கினால் ஹால்மார்க்கோடு 6 இலக்க ஹெச்யுஐடி எண் இருக்கிறதா பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது கட்டாயம். பிஐஎஸ் கேர் செயலியில் எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். 2 கிராமுக்குக் கீழே உள்ள நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை என்பதால், ஒரு கிராம் மோதிரத்துக்குப் பில் மிக முக்கியம்.

சரி, என்னதான் கொடுப்பது?

காதுகுத்துப் பிள்ளையிலிருந்து தொடங்குவோம். பத்து வயசுக்கு உட்பட்ட பெண்பிள்ளை என்றால் செல்வமகள் சேமிப்புத் திட்டம். 2015-ல் தொடங்கியது, தபால் நிலையத்திலேயே ஆரம்பிக்கலாம், வருஷத்துக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். 15 வருஷம் கட்டினால், தொடங்கிய நாளிலிருந்து 21 வருஷத்தில் முதிரும். கணக்கைப் பெற்றோர்தான் தொடங்க வேண்டும். வருஷா வருஷம் பொங்கலுக்குப் பணத்தைக் கையில் கொடுத்து "கட்டிரு தங்கச்சி" என்று சொல்ல மாமனுக்கு என்ன தடை? சபையில் சொல்லத்தான் வேண்டுமென்றால் பாஸ்புக்கைத் தாம்பாளத்தில் வைத்து, பக்கத்தில் ஒரு சீப்பு பழம் வையுங்கள். மைக் பிடிப்பவர் எப்படியும் வாசிப்பார்.

பிறந்த குழந்தைக்குச் சட்டை வாங்காதீர்கள். இருபது பேர் வாங்கியிருப்பார்கள், எல்லாம் ஒரே அளவில், எல்லாம் இரண்டு மாதத்தில் சின்னதாகிவிடும். ஒரு வயசு அளவில் வாங்குங்கள். அதைவிட, பெற்றவளை யாராவது நினைத்துப் பார்த்தீர்களா? முன்னால் ஜிப் வைத்த பருத்தி நைட்டி மூன்று, பழகிய துணியில் விரிப்பு, முதல் இரண்டு வாரம் பத்தியச் சமையலுக்கும் துணி துவைக்கவும் ஓர் ஆளுக்கான கூலி. இதில் கடைசியாகச் சொன்னதைச் செய்த நாத்தனாரை எந்த மதினியும் சாகும் வரை மறக்கமாட்டாள்.

பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் புத்தகம். ஆனால் நமக்குப் பிடித்ததை வாங்கிக் கொடுத்துவிட்டு "படிச்சியா?" என்று ஒவ்வொரு தடவையும் மிரட்டுவது பரிசே இல்லை, பரீட்சை. மதுரைப் புத்தகத் திருவிழாவுக்குக் கூட்டிப்போய் ஐந்நூறு ரூபாயைக் கையில் கொடுத்து, நீங்கள் ஓரமாக டீ குடியுங்கள். திருவிழா இல்லாத மாதமென்றால், 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பகுதி இருக்கிறது. சோழவந்தானிலிருந்து பஸ் செலவு மட்டும்தான்.

கல்யாண வீட்டில் நண்பர்கள் செய்கிற கூத்து தனி. 2018-ல் பெட்ரோல் விலை ஏறியபோது கடலூர் மாவட்டத்தில் ஒரு மாப்பிள்ளைக்கு நண்பர்கள் 5 லிட்டர் பெட்ரோலைக் கேனில் பரிசாகக் கொடுத்தார்கள். கேலிக்குக் கொடுத்ததுதான். ஆனாலும் அன்றைக்கு மேடையில் ஏறிய பொருள்களில் நிச்சயமாக உபயோகப்பட்டது அது ஒன்றாகத்தான் இருக்கும். பத்து பேர் பத்து கடிகாரம் வாங்குவதற்குப் பதில், வாட்ஸ்அப் குரூப்பில் பணம் சேர்த்து, மாப்பிள்ளையை விட்டுவிட்டுப் பெண்ணிடம் கேளுங்கள். வாஷிங் மெஷின் என்பார். அல்லது வாடகை வீட்டு அட்வான்ஸ் என்பார். தயங்காமல் அதையே கொடுங்கள்.

வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அப்பா அம்மாவுக்கு அனுப்பும் பரிசுகளைப் பற்றி ஒரு தனி இதழே போடலாம். ஏர் ஃப்ரையர், மசாஜர், கைக்கடிகாரத்தில் இதயத் துடிப்பு. சோழவந்தான் வீடுகளில் இவற்றை டிவி ஸ்டாண்டில் துணி போட்டு மூடி வைத்திருப்பார்கள். "புள்ள வாங்கிக் குடுத்தது." எழுபது வயசு மனுஷிக்கு நிஜமாகவே வேண்டியது கக்கூஸ் சுவரில் ஒரு கைப்பிடி, வழுக்காத தரை, ராத்திரி எரிகிற ஒரு சின்ன லைட்டு. மூன்றும் சேர்ந்து அந்த மசாஜர் விலைக்குள் முடியும். வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்தால் ஆகிற செலவோடு ஒப்பிட வேண்டாம்.

பொருளே வேண்டாம் என்கிற அப்பாவுக்கு ஒரு நாள் லீவு கொடுங்கள். 1976-ல் டாக்டர் ஜி.வெங்கடசாமி 11 படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை மதுரையிலேதான் இருக்கிறது. கூட வர ஆள் இல்லை என்பதற்காகவே கண்புரையைத் தள்ளிப்போடும் அப்பாக்கள் எத்தனை பேர்! கூட்டிப்போய், வரிசையில் கூடவே உட்கார்ந்து, சொட்டு மருந்து போட்டு மங்கலாக இருக்கிற கண்ணோடு இருப்பவருக்குப் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்துக் கூட்டிவாருங்கள்.

பக்கத்திலேயே இருக்கிறது

ஊர்ப் பொருளைக் கொடுக்க நினைப்பவர் சோழவந்தானில் ரொம்ப தூரம் தேட வேண்டாம். வைகைக் கரையில் தென்கரை, முள்ளிப்பள்ளம், மன்னாடிமங்கலம் என்று நடந்தால் அகத்தி நிழலில் கொடிக்கால். முதலில் அகத்தியை வரிசையாக நட்டு, அது தலை தூக்கியதும் பக்கத்தில் கொடியை ஊன்றி, தண்டோடு சேர்த்துக் கட்டி ஏற்றுவார்கள். நிழலும் ஈரமும் ஒரு சேர வேண்டும். தண்ணீர் தேங்கினால் அழுகும், வெயில் பட்டால் கருகும். பிள்ளை வளர்ப்பது மாதிரி என்பது கொடிக்கால்காரர்கள் எல்லோரும் சொல்வது. சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் வெற்றிலை போடும் தலைமுறை குறைந்து, கூலி ஏறி, கொடிக்கால் பரப்பு சுருங்கிக்கொண்டே வருகிறது. பாக்கு வெற்றிலை வைத்துத்தான் பத்திரிகை கொடுக்கிறோம், வெற்றிலையில்லாமல் ஒரு தட்டும் கிளம்பாது. இருந்தாலும் இங்கே விசேஷம் வைக்கிறவர்களே மார்க்கெட்டில் கிடைத்த வெற்றிலையை வாங்கிவிட்டுப் போகிறார்கள். கொடிக்காலில் நேரே சொல்லி வைத்தால், முதல் நாள் கிள்ளிய கொழுந்து கிடைக்கும். வாழை இலையில் பொதிந்து ஈரத் துணி சுற்றினால் வெளியூர் வரை வாடாது. சென்னையில் இருக்கும் எண்பது வயசு அப்பத்தாவுக்கு இதைவிட என்ன கொண்டுபோக முடியும்?

தாம்பூலப் பையும் இங்கேயே முடிந்துவிடும். தேங்காய்க்கும் சோழவந்தானில் பஞ்சமில்லை. ஒரு தேங்காய், பத்து வெற்றிலை, பாக்கு, மஞ்சள், உள்ளூர் தையற்காரர் தைத்த மஞ்சப்பை. 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கேரி பைக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை அரசே தொடங்கியது. பிறகும் ரிட்டர்ன் கிஃப்ட் என்று பிளாஸ்டிக் டப்பாவைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுக்கிறார்கள். மரக்கன்று கொடுப்பதும் இப்போது பேஷன். வயல் வைத்திருப்பவருக்குக் கொடுங்கள், சரி. மூன்றாவது மாடி வாடகை வீட்டுக்காரர் கையில் வேப்பங்கன்றைத் திணித்தால், அவர் பஸ் ஸ்டாண்டில் அதை வைத்துவிட்டு ஏறுவார்.

■ பெட்டிச் செய்தி: அக்கம்பக்கத்து ஊர்ப் பரிசுகள்

* மதுரை மல்லி: 2013-ல் புவிசார் குறியீடு. முகூர்த்தத்தன்று விலையைக் கேட்டால் மயக்கம் வரும். வளைகாப்பு, பிறந்தநாள் போன்ற சின்ன விசேஷத்துக்குச் சரியான பரிசு.

* மதுரை சுங்குடி: நூலால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் பருத்திச் சேலை, சௌராஷ்டிரச் சமூகத்தின் கைவேலை. நிஜ முடிச்சுச் சேலையில் புள்ளிகள் ஒன்று போல இருக்காது. அச்சடித்ததில் எல்லாம் ஒரே அளவு.

* திண்டுக்கல் பூட்டு: 2019-ல் புவிசார் குறியீடு. புது வீடு கட்டியவருக்குப் போட்டோ ஃப்ரேமுக்குப் பதில்.

* விளாச்சேரி பொம்மை: திருப்பரங்குன்றம் பக்கத்துக் களிமண் பொம்மை. கொலு வைக்காத வீட்டுக்கும் ஒன்று போதும்.

* ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா: 2019-ல் புவிசார் குறியீடு. சர்க்கரை வியாதிக்காரர் வீட்டுக்கு மட்டும் வேண்டாம்.

நோட்டில் வராதவர்களுக்கு

மொய் கட்டாயத்தை ஒரே நாளில் உதற யாராலும் முடியாது. உதறச் சொல்லவும் இல்லை. நோட்டில் இருப்பதை நோட்டுக்குச் செய்துவிடுங்கள். அதற்கு வெளியே வருஷத்துக்கு ஒன்றாவது, திருப்பிச் செய்ய வாய்ப்பே இல்லாத ஒருவருக்குச் செய்து பாருங்கள். கல்யாணம் பண்ணிக்கொள்ளாத அத்தைக்கு மருத்துவக் காப்பீட்டு பிரீமியம். பிள்ளையில்லாத சித்தி வீட்டுக்கு இன்வெர்ட்டர் பேட்டரி. விசேஷமே வைக்காத நண்பனுக்கு, அவன் பத்து வருஷமாக எழுதிய மொய்யைக் கூட்டிப் பார்த்து, ஒரு நல்ல சைக்கிள்.

புருஷனை இழந்த பெரியம்மாவுக்குச் சேலை எடுக்கப் போகிறீர்கள் என்றால், அவரையும் மதுரை விளக்குத்தூண் பக்கம் கடைக்குக் கூட்டிப்போங்கள். கடைக்காரர் ஆளைப் பார்த்துவிட்டு, கேட்காமலே சாம்பல் நிறத்தையும் வெளிர் நீலத்தையும் எடுத்துப் போடுவார். பெரியம்மாவும் அதில் ஒன்றை எடுத்து "இது போதும்பா" என்பார். "அந்த மேல் அடுக்கு அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை எல்லாத்தையும் இறக்குங்கண்ணே" என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்லமாட்டார்.